மாம்பலம் ஸ்டேஷன்: இறங்குவது சுலபம், வெளியே வருவதுதான் கதை

மாம்பலத்தில் இறங்குவது ரொம்பச் சுலபம். நாம் இறங்கவே வேண்டாம், பின்னால் இருப்பவர்கள் இறக்கிவிடுவார்கள். கஷ்டமெல்லாம் அதற்கப்புறம்தான். பிளாட்பாரத்திலிருந்து படியேறி, மேம்பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, படியிறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள் விழுந்து, அதிலிருந்து மீண்டு உஸ்மான் ரோட்டைக் கண்ணால் பார்க்கும்போதுதான் அப்பாடா, வந்து சேர்ந்தோம் என்று சொல்ல முடியும். தாம்பரத்திலிருந்து மாம்பலம் பத்தாவது ஸ்டேஷன், ரயிலில் சுமார் அரை மணி நேரம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனிலிருந்து உஸ்மான் ரோடு வர இன்னொரு அரை மணி நேரம். இதை மிகை என்று நினைக்கிறவர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி, இந்த விமர்சனம் யார் காலால் நடந்து எழுதியது என்று தெரிய வேண்டுமே. வீடு மேற்குத் தாம்பரம். வேலை தி.நகரில், தெற்கு உஸ்மான் ரோடு பக்கம் ஒரு துணிக்கடையில், கணக்குப் பிரிவு. கடைப் பெயர் வேண்டாம், முதலாளி இதையெல்லாம் படிப்பார். 2003லிருந்து வாரத்தில் ஆறு நாள் இந்த ஸ்டேஷனில் இறங்கி ஏறுகிறேன். ஞாயிறு எங்களுக்கு லீவு கிடையாது, ஊரே லீவு விட்டுத் துணி எடுக்க வருகிற நாள் அல்லவா, செவ்வாய்க்கிழமைதான் வீட்டில் இருப்பேன். ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை வந்துவிட்டு "ஐயோ என்னா கூட்டம்" என்று எழுதுகிற ஆள் நான் இல்லை. கூட்டம் எனக்கு உடம்போடு ஒட்டிவிட்டது. நான் சொல்ல வந்தது 2023 மே 16 அன்று திறந்த ஆகாய நடைபாதையைப் பற்றி. ஆனால் ஸ்டேஷனைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

முதலில் கணக்கு, தொழில் புத்தி. ஸ்டேஷன் மேம்பாலத்திலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம், செலவு 28.45 கோடி ரூபாய். கட்டியது சென்னை மாநகராட்சி, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில். ரயில்வே பார்டர் ரோட்டின் தலைக்கு மேலேயே ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் போய், மேட்லி ரோடு பக்கம் திரும்பி, பஸ் ஸ்டாண்டு அருகே இறக்கிவிடும். லிஃப்ட், நகரும் படிக்கட்டு, கேமரா எல்லாம் சேர்த்துத்தான் திட்டமே போட்டார்கள். சாதாரணமாக நடந்தால் ஏழெட்டு நிமிஷம். கட்டி முடிக்கிற வரைக்கும் கீழே அந்தத் தூண் வேலைக்கு நடுவில் வளைந்து வளைந்து நடந்து, இது எப்போது முடிய, நாம் எப்போது மேலே ஏற என்று அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. திறந்த வாரமே ஏறிப் பார்த்துவிட்டேன்.

நன்றாக இருக்கிறது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் எது கட்டினாலும் முதலில் குறை சொல்லிவிட்டுத்தான் அதில் நடப்போம். தலைக்கு மேல் கூரை இருக்கிறது, காலுக்குக் கீழே சமமான தரை இருக்கிறது, "வாங்கக்கா வாங்க, மூணு நூறு" என்று காதுக்குள் கத்துகிறவர்கள் இல்லை, மாட்டுச் சாணமும் உடைந்த நடைபாதைக் கல்லும் இல்லை. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது வரம். தென்மாவட்ட ரயில்கள் பல மாம்பலத்தில் நிற்கும், விடியற்காலையில் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து இறங்கி, அரிசி மூட்டையும் முறுக்கு டின்னும் பெட்டியுமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியவர்கள் முன்பெல்லாம் அந்தத் தெருவில் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோக்காரர் கேட்கிற காசுக்கு இன்னொரு முறை ஊருக்கே போய்வரலாம்.

ஆனால் நான் அதைப் பயன்படுத்துவது பாதி நாள்தான். காலையில் ஏறுவதே இல்லை. காரணம் எளிது. ஒன்பது, ஒன்பதரை மணிக்கு ரங்கநாதன் தெரு வேறு ஊர். ஷட்டர்கள் பாதி திறந்திருக்கும், வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள், ஊதுபத்தி வாசனை, நேற்றைய அட்டைப்பெட்டிகளைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், டீ கிளாஸ் தூக்குகிற பையன் மட்டும் அவசரமாக ஓடுவான். ஐந்து நிமிஷத்தில் தாண்டிவிடலாம். இந்தத் தெரு ஒரு காலத்தில் வீடுகள் இருந்த குடியிருப்புத் தெரு என்று சொன்னால் அந்த நேரத்தில் மட்டும் நம்பலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே தெருவைப் பார்த்தால், சொன்னவரைத்தான் சந்தேகப்படுவோம். அதனால் காலையில் கீழே, ராத்திரியில் மேலே. இதுதான் இரண்டு வருஷத்துக்கும் மேலாக என் ஏற்பாடு, என்னுடன் வருகிற பெண்கள் பலருடையதும் இதுதான்.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு மேலே நடக்கிற அனுபவத்துக்காகவே ஒரு நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம். ஒரு பக்கம் தண்டவாளம், பீச் போகிற வண்டி வெளிச்சத்தோடு கீழே ஓடும். இன்னொரு பக்கம் மொட்டை மாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் மறந்துபோன ஒரு துண்டு, கடைகளின் பின்பக்கச் சுவரில் ஏசி பெட்டிகள் வரிசையாக. தி.நகருக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இருபது வருஷம் அதன் முகத்தை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் எல்.இ.டி. விளக்குப் போட்ட முகத்தை.

சரி, இனி குறை. திறந்த வருஷம் ஆடித் தள்ளுபடிக்கு என் மாமியாரை அழைத்து வந்தேன். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. கூட்டத்தில் இடிபட வேண்டாமே என்று பெருமையாக மேலே கூட்டிப்போனேன், "அத்தை, இதான் புதுசா கட்டினது, பாருங்க எவ்வளவு காத்து வருது" என்றெல்லாம் சொல்லிக்கொண்டு. கொஞ்ச தூரம் வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கடையெல்லாம் கீழ இருக்கு, என்னை எதுக்கு மேல நடக்க விடுற?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவருக்கு வேண்டியது ரங்கநாதன் தெருவில் ஒரு எவர்சில்வர் தூக்கும் வளையலும். நான் அவரை முழு 570 மீட்டரும் நடத்திக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் இறக்கி, அங்கிருந்து உஸ்மான் ரோடு வழியாகத் திரும்ப ரங்கநாதன் தெருவின் மறுமுனைக்குக் கொண்டுவந்து, மறுபடியும் அதே கூட்டத்துக்குள் விட்டேன். முழுக்க என் முட்டாள்தனம். அன்று ராத்திரி தைலம் தேய்த்துவிட்டதும் நான்தான்.

அவர் கேட்ட கேள்விதான் இந்த நடைபாதைக்கான சரியான விமர்சனம் என்று இப்போது தோன்றுகிறது. மாம்பலத்தில் இறங்குகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை எங்கோ போவதற்காக இறங்குகிறவர்கள்: வேலைக்கு, பஸ் மாற, ஆஸ்பத்திரிக்கு. இன்னொரு வகை அந்தத் தெருவுக்காகவே இறங்குகிறவர்கள். நடைபாதை முதல் வகைக்குக் கட்டியது, அவர்களுக்கு அது பிரமாதம். இரண்டாவது வகைக்கு அது பயன்படாது, கூட்டத்தில் பெரும்பங்கு அவர்கள்தான். அதனால்தான் இவ்வளவு செலவு செய்து கட்டியும் தீபாவளி ஞாயிறு அன்று கீழே கொஞ்சமும் இடம் கிடைக்கவில்லை. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கழன்றுகொண்டார்கள், அவர்கள் விட்ட இடத்தைத் துணி எடுக்க வந்தவர்கள் நிரப்பிவிட்டார்கள்.

ஸ்டேஷன் வாசலில் எனக்கு வழக்கமாகப் பூ கொடுக்கிற அம்மா ஒருவர் உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அது அந்தத் தெருவின் மரியாதை. திறந்த புதிதில் அவரிடம், இப்போது கூட்டம் குறைந்திருக்குமே, உட்கார வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன். "அட போக்கா, மேல போறவங்க எங்க பூ வாங்குறாங்க, மேல போனா நேரா பஸ்ஸுதான்" என்றார். நாம் வேகம் என்று சொல்வது அவருக்கு வியாபார நஷ்டம். இதையெல்லாம் திட்ட அறிக்கையில் யாரும் எழுத மாட்டார்கள்.

இருந்தாலும் நடைபாதை வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது வசதி இல்லை, பயம். 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் பல வருஷம் அந்தத் தெருவின் நெரிசலில் நடுவில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான்: இப்போது ஏதாவது என்றால் எந்தப் பக்கம் ஓடுவது, தீயணைப்பு வண்டி எந்தப் பக்கம் வரும். முன்னால் போகிறவர் முதுகு, பின்னால் வருகிறவர் பை, பக்கத்தில் சுவர். ஒரு ஸ்டேஷன் முழுக்கக் கொட்டுகிற ஜனத்தில் பெரும்பாலோர் அரை கிலோமீட்டர் கூட இல்லாத ஒரு குறுகிய தெருவுக்குள் போய் விழுவதை நாம் ஏதோ தி.நகரின் அழகு என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மேலே இன்னொரு வழி இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து கீழே நடக்கும்போதும் கொஞ்சம் மூச்சு விடுகிறேன். 28 கோடியில் எனக்கு அதுவே பாதி வரவு.

இப்போது ஸ்டேஷன். கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு தி.நகர் இருக்கிற இடத்தில் 1920களுக்கு முன்னால் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்றும் ஒரு ரோடு இருக்கிறது. ஏரியும் இல்லை, வியூவும் இல்லை, பெயர் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. பெருமழை வந்தால் தண்டவாளத்துக்குக் கீழே போகிற துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதே என்று எல்லோரும் திட்டுகிறோம், தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது என்று என் அப்பா சொல்வார். அந்த மாதிரி நாளில் கிழக்கு மாம்பலத்தையும் மேற்கு மாம்பலத்தையும் சேர்த்து வைப்பது ஸ்டேஷன் மேம்பாலம்தான். உண்மையில் மழை இல்லாத நாளிலும் அப்படித்தான். ரயிலே ஏறாமல் காய்கறிப் பையோடு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பயணிகள் கணக்கில் சேர்ப்பார்களா தெரியாது, படிக்கட்டு சேர்த்துக்கொண்டுதான் தேய்கிறது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931ல், தென்னிந்தியாவிலேயே முதல். அப்போது மீட்டர் கேஜ். நான் வேலைக்கு வந்த புதிதில் அந்தச் சின்னப் பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, பக்கத்திலேயே அகலப் பாதை வண்டியும் ஓடியது. 2004 ஜூலை 1ஆம் தேதியோடு மீட்டர் கேஜ் மின்சார ரயில் முடிந்தது. ஒரு மீட்டர் இடைவெளித் தண்டவாளத்தில் ஓடிய பெட்டிக்கும் 1.676 மீட்டர் பாதைப் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்தது இடுப்பில்தான். சின்னப் பெட்டியில் எதிர் சீட்டுக்காரர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். பெரிய பெட்டி வந்ததும் அப்பாடா என்று இருந்தது, ஆறு மாதத்தில் அதுவும் நிறைந்துவிட்டது. இப்போது பன்னிரண்டு பெட்டி. நிறைவதற்கு அதுவும் சளைக்கவில்லை.

நான் போவது பெண்கள் பெட்டியில். ராத்திரி வண்டியில் ஏறிப் பாருங்கள், சீட்டு காலியாக இருந்தால் கூடச் சில பெண்கள் நேராகக் கதவு ஓரம் தரையில் போய்ச் சப்பணம் போட்டு உட்காருவார்கள். கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள். தென்மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலிலும் வாடகை வீட்டிலும் தங்கி, பல்லாவரம், குரோம்பேட்டை என்று இறங்குகிறவர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல்தான் சட்டம் திருத்தினார்கள். அதற்கு முன்னால் பத்து பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த கால்கள். ஒரு பெண்ணிடம் சீட்டு இருக்கிறதே, ஏன் கீழே உட்காருகிறாய் என்று கேட்டேன். "காலை நீட்டணும்கா" என்றாள். எனக்கு சீட்டில் உட்கார வெட்கமாகப் போய்விட்டது. வெட்கப்பட்டுக்கொண்டே தாம்பரம் வரை உட்கார்ந்து வந்தேன் என்பது வேறு விஷயம்.

இந்த மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான் ஸ்டேஷன் மேம்பாட்டை நான் பார்க்கிறேன். அம்ருத் பாரத் என்று ஒரு திட்டத்தில் நாடு முழுக்க ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கிறார்கள், மாம்பலமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதே தடத்தில் பரங்கிமலை முடிந்து 2025 மே 22 அன்று திறந்தாயிற்று, அன்று நாடு முழுக்கத் திறந்த 103 நிலையங்களில் தமிழ்நாட்டில் ஒன்பது, அதில் இது ஒன்று. ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே இறங்கி வெளியே போய்ப் பார்த்தேன். புது முகப்பு, சுத்தம், பார்க்க லட்சணம். பக்கத்திலேயே மெட்ரோ வேறு இருக்கிறது. அங்கே அது சரி. மாம்பலத்துக்கு அதே மாதிரி ஒரு முகப்பு வைத்தால் அதை யார் எங்கே நின்று பார்ப்பது? முகப்பைப் பார்க்க இருபதடி தள்ளி நிற்க இடம் வேண்டும், இங்கே இருபதடி தள்ளி நின்றால் அது அடுத்தவர் கடை. மாம்பலத்துக்கு முகம் வேண்டாம், தோளை அகட்டிக்கொள்ள இடம் கொடுத்தால் போதும். அகலமான படிக்கட்டு, ஏறுகிறவர்களுக்கு ஒன்று, இறங்குகிறவர்களுக்கு ஒன்று. பிளாட்பாரத்தில் பன்னிரண்டு பெட்டிக்கும் நீளமாக நிழல். உட்காரப் பெஞ்சு. பெண்கள் கழிப்பறை, பூட்டிப் போடாமல். இதைச் சொன்னால் கணக்குப் பிரிவு புத்தி, சின்னச் சின்னதாகவே யோசிக்கிறீர்கள் என்பார்கள். நடக்கிறவர்களுக்குச் சின்னதுதான் பெரியது.

படிக்கட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தத் தடத்தில் இல்லை, வேறொரு ஊர் ஸ்டேஷன், பெயர் வேண்டாம். புதிதாக நகரும் படிக்கட்டு வைத்து ரிப்பன் வெட்டியதைப் பேப்பரில் பார்த்துவிட்டு மாமியாரோடு போனேன். படிக்கட்டு நின்றிருந்தது, குறுக்கே கயிறு கட்டி, அந்தக் கயிற்றில் ஒருவர் துண்டைக் காயப் போட்டிருந்தார். மேம்பாடு என்றால் கட்டுவது மட்டும் என்று நினைத்தால் கதை அங்கே முடிந்துவிடும். தி.நகர் நடைபாதையையும் அதனால்தான் இன்னும் பத்து வருஷம் கழித்துத்தான் நிஜமாக மதிப்பிட முடியும் என்று நினைக்கிறேன்.

ஏசி ரயிலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2025 ஏப்ரல் 19லிருந்து கடற்கரை செங்கல்பட்டு தடத்தில் ஓடுகிறது, மாம்பலத்தில் நிற்கும். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை 105. சாதாரண வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். உட்கார 1,116 பேருக்கு இடம், நிற்க 3,798 பேருக்கு, கணக்கே சொல்லிவிடுகிறது நாம் என்ன செய்யப் போகிறோம் என்று. சம்பள நாளில் ஒரு தடவை போனேன். குளுகுளு என்று இருந்தது, புடவை கசங்கவில்லை. எனக்குப் பிடித்தது ஏசி இல்லை, தானாக மூடுகிற கதவு. 2018 ஜூலையில் பரங்கிமலையில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பிளாட்பார ஓரத் தடுப்புச் சுவரில் மோதிச் செத்துப்போனார்கள். அதைப் படித்த நாளிலிருந்து என் மகன் ரயிலில் போனால் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்வேன். கதவு மூடினால்தான் வண்டி கிளம்பும் என்கிற விஷயத்தை ஏசிக்காரர்களுக்கு மட்டும் கொடுக்காமல் ஐந்து ரூபாய் வண்டிக்கும் கொடுத்தால் நான் கோயிலுக்குத் தேங்காய் உடைப்பேன். மாம்பலத்தில் அந்தக் கதவு திறந்ததும் முகத்தில் அடித்த அனல் இருக்கிறதே, அது தனி.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற தடத்துக்கு தி.நகரில் நிலையம் கட்டுவது பனகல் பூங்கா பக்கம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து அதற்கு நல்ல நடை இருக்கிறது, அதுவும் எந்தக் கூட்டத்தின் வழியாக என்று உங்களுக்கே தெரியும். பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடக்கிறவர்களுக்கென்று அகலமான நடைபாதை போட்டுக் கொடுத்தார்கள், அது வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் ராஜபாட்டைதான். ஸ்டேஷன், நடைபாதை, பாண்டி பஜார், மெட்ரோ, பஸ் ஸ்டாண்டு எல்லாம் ஒவ்வொன்றும் தனித்தனியாக நன்றாகத்தான் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற இடம்தான் யாருடையதும் இல்லை. டிக்கெட்டில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம்: பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து சென்னை ஒன் என்று 2025 செப்டம்பரில் ஒரு செயலி வந்தது. போனில் மூன்றும் ஒன்றாகிவிட்டன, தரையில்தான் இன்னும் ஆகவில்லை.

எனக்குப் பயன்பட்டது வேறொன்று. 2021 மேயிலிருந்து மாநகர சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முன்பு ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு போகவே அலுப்பாக இருக்கும் என்பதால் அந்த இலவசம் பலருக்குக் கைக்கெட்டாத பலகாரம். இப்போது மேலே ஏறினால் நேராகப் பஸ்தான். எங்கள் கடையில் கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் இருக்கிற இரண்டு பெண்கள் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டார்கள். மாதத்தில் எவ்வளவு மிச்சம் என்று ஒருத்தி எனக்குக் கணக்குப் போட்டே காட்டினாள், கணக்குப் பிரிவுக்காரியிடமே.

மேற்கு மாம்பலம் பக்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. கிழக்கே தெரு உங்களை இழுக்கும், மேற்கே யாரும் இழுக்க மாட்டார்கள். ஸ்டேஷன் ரோட்டில் காய்கறி, அங்கிருந்து ஆரிய கவுடா ரோடு போனால் பூஜை சாமான், அயோத்தியா மண்டபம், நல்ல காபி. துணி எடுக்க வருகிறவர்கள் கூட முதலில் மேற்கே இறங்கி ஒரு டிபன் சாப்பிட்டுவிட்டு அப்புறம் மேம்பாலம் ஏறிக் கிழக்கே போனால் பாதிக் கோபம் குறையும்.

நட்சத்திரம் போடாமல் விடமாட்டேன் என்கிறார்கள். நடைபாதைக்கு நாலு. ஸ்டேஷனுக்கு மூன்று, அதில் ஒன்று பழக்கத்துக்காக. ரங்கநாதன் தெரு வழியாக வெளியே வருவதற்குக் காலையில் ஐந்து, சாயங்காலம் ஒன்று. முழங்கால் வலி உள்ளவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் தீபாவளிக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளில் தயவுசெய்து வராதீர்கள், அதே புடவை புதன்கிழமை காலை பதினொரு மணிக்கும் அதே விலைதான், உள்ளே இருந்து சொல்கிறேன். கூட வருகிறவர்கள் பிரிந்துபோனால் போன் எடுக்காது, சத்தத்தில் கேட்கவும் கேட்காது, மேம்பாலப் படி அடி என்று முன்கூட்டியே ஒரு இடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடிக்க வேண்டுமானால் மட்டும் மேலே, கடைக்கு என்றால் கீழே. என் மாமியார் சொன்னது.

போன மாதம் ஒரு ராத்திரி கடை மூட நேரமாகிவிட்டது. ஓட்டமும் நடையுமாக நடைபாதை ஏறப்போனால், பஸ் ஸ்டாண்டு பக்கம் படி இறங்குகிற இடத்தில் அந்தப் பூக்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருக்கிறார். இங்கே எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். "ஒரு வாரம் ஆச்சுக்கா, மேலேர்ந்து வர்றவங்க எப்படியும் இங்கதான இறங்கணும்" என்றார். முழம் அங்கே கொடுத்ததைவிடப் பத்து ரூபாய் அதிகம். பேரம் பேசிப் பார்த்தேன், குறைக்கவில்லை. வாங்கிக்கொண்டு ஓடினேன், வண்டியைத் தவறவிட்டேன், அடுத்தது வர இருபது நிமிஷம் ஆனது.